எட்டாவது கட்டம்: படிவம் 12-ஏ பற்றி ஒரு வாசிப்பு

புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், பரோட்டாக் கடைக்குக்கூட எழுதுகிறோம். அரசாங்கப் படிவத்துக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. இத்தனைக்கும் வருஷா வருஷம் அதிகம் பேர் வரி வரியாகப் படித்து, அர்த்தம் புரியாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, கடைசியில் கையெழுத்தும் போடுகிற பிரதி அதுதான். எனவே இந்த முறை நான் எடுத்துக்கொள்வது படிவம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. புழக்கத்தில் அதற்கு யூ.சி. என்று பெயர். பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய அரசிடம் மானியம் வாங்கும் நிறுவனம், வாங்கிய பணத்தை எதற்காக வாங்கியதோ அதற்கே செலவு செய்தது என்று எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கம்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீர்கள். ராசிபுரம் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளி நடத்துகிறது. பெயர் வேண்டாம், திட்டத்தின் பெயரும் வேண்டாம். நடத்துகிறவரை ஊரில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் சாஃப்ட்வேர்காரன், கணக்குப் படித்தவன் இல்லை. ஆனால் "தம்பிக்கு எக்செல் தெரியும்" என்ற ஒரே தகுதியில் சில வருஷமாக மார்ச் கடைசி வாரம் அந்தப் பள்ளியின் அலுவலக அறையில்தான் கழிகிறது. கேஷ் புக்கும் பாஸ்புக்கும் ஒத்துப் போகிறதா, கொடுத்த செக் எல்லாம் பாஸ் ஆகிவிட்டதா, வேன் டிரைவர் டீசலுக்கு வாங்கிய முன்பணத்துக்கு பில் வந்ததா, ஐயாயிரத்துக்கு மேல் போன ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கா, ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும் நாற்காலி அறையிலும் இருக்கா என்று பார்ப்பது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ரிலீஸுக்கு முந்தின வாரம் மாதிரி இருக்கும்.

கணக்கு கேட்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கம் திருச்செங்கோடு புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அந்த ஆசிரமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் 1894இல் நேட்டால் இந்திய காங்கிரஸுக்குச் சந்தா வசூலித்தபோதே ஒவ்வொரு தொகைக்கும் ரசீது போட்டவர். ஒழுங்கான கணக்கு இல்லாவிட்டால் பொதுக் காரியத்தில் உண்மையும் நிற்காது என்று சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். அதனால் படிவம் கேள்வி கேட்பதில் எனக்குக் குறை இல்லை. கேட்காமல் விடும் கேள்விகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பதிப்பு வரலாறு. 2005ஆம் வருஷத்துப் பொது நிதி விதிகளில் இதன் பழைய வடிவம் இருந்தது, படிவம் 19-ஏ. அது கிட்டத்தட்ட ஒரே ஒரு நீளமான வாக்கியம். இன்ன கடிதத்தின்படி இவ்வளவு வந்தது, போன வருஷ மிச்சம் இவ்வளவு, இதில் இவ்வளவு இன்ன காரியத்துக்குச் செலவானது, மீதி இவ்வளவு, அதைத் திருப்பிவிட்டோம் அல்லது அடுத்த வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். கோடிட்ட இடத்தை நிரப்புக. 2017இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது அந்த வாக்கியத்தை உடைத்து அட்டவணையாக்கி 12-ஏ என்று பெயர் வைத்தார்கள். புதுப் பதிப்பு பழையதைவிட நல்ல பதிப்பு, சந்தேகமில்லை. சம்பளத்துக்கு எவ்வளவு, பொதுச் செலவுக்கு எவ்வளவு, சொத்து உருவாக்க எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறது. செட்டில் ஆகாத முன்பணம் எவ்வளவு என்று தனியாகக் கேட்கிறது. மானியத்தை வங்கியில் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு கடிவாளமும் போட்டது. அதுதான் வட்டி. அதற்குப் பிறகு வருகிறேன்.

அட்டவணையில் ஏழு கட்டம். ஒன்று, முந்தைய வருஷ மிச்சம். இரண்டு, அதன்மேல் கிடைத்த வட்டி. மூன்று, அந்த வட்டியில் அரசுக்குத் திருப்பிக் கட்டியது. நான்கு, இந்த வருஷம் வந்த மானியம். இதற்குள் மூன்று சிறு கட்டம், ஆணை எண், தேதி, தொகை. ஐந்து, மொத்தம் கையில் இருந்தது. ஆறு, செலவு. ஏழு, மீதி. ஐந்துக்கும் ஏழுக்கும் ஃபார்முலாவும் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்: ஒன்றும் இரண்டும் கூட்டி, மூன்றைக் கழித்து, நான்கைக் கூட்டு. ஃபார்முலாவோடு வரும் அரசாங்கப் படிவத்தைப் பார்த்தால் என் தொழில்காரனுக்கு ஒரு சந்தோஷம்.

அட்டவணைக்குக் கீழே உறுதிமொழிகள். இந்தப் பகுதி நல்ல நகைச்சுவை, எழுதியவர் உத்தேசிக்காவிட்டாலும். பொதுப்பணத்தைப் பாதுகாக்க உள்கட்டுப்பாடுகள் இருக்கின்றன, அவற்றை அவ்வப்போது மதிப்பீடும் செய்கிறோம் என்று உறுதி கூற வேண்டும். முக்கியப் பொறுப்பாளர்களுக்குப் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம் என்றும் கூற வேண்டும். கீழே தலைமை நிதி அலுவலர் ஒரு பக்கம், நிறுவனத் தலைவர் ஒரு பக்கம் கையெழுத்து. எங்கள் தலைமை நிதி அலுவலர் பி.காம். படித்த பெண். காலையில் இரண்டு மணி நேரம் வந்து வவுச்சர் எழுதிவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். முதல் தடவை அந்தப் பதவிப் பெயருக்கு மேல் கையெழுத்துப் போடும்போது, "சார், இதை போட்டோ எடுத்துக்கட்டுங்களா"ன்னு கேட்டார்.

சரி, இனி எண்களோடு ஒரு தடவை படித்துப் பார்ப்போம். எங்கள் பள்ளியின் 2023-24 கணக்கைக் கொஞ்சம் உருட்டி வட்டமாக்கித் தருகிறேன். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். ஆசிரியர்கள், ஆயா, டிரைவர் எல்லாம் சேர்த்து. அதற்கு முந்தின வருஷத்துத் தவணை அந்த வருஷ மார்ச் கடைசியில்தான் வந்தது என்பதால் ஏப்ரல் 1 அன்று கையிருப்பு 3,00,000. முதல் கட்டம் நிரம்பியது. சேமிப்புக் கணக்கு வட்டி 2,025, இரண்டாம் கட்டம். அதே 2,025 பாரத்கோஷ் தளத்தில் அரசுக்குக் கட்டியாச்சு, மூன்றாம் கட்டம். அந்த வருஷத்து மானியம் 4,20,000, ஆணைத் தேதி 2024 மார்ச் 14. மொத்தம் 7,20,000. செலவு 7,20,000. மீதி பூஜ்யம்.

எவ்வளவு அழகான வரி! பன்னிரண்டு மாதம், மாதம் 60,000, பைசா மிச்சமில்லாமல் செலவு. கையில் இருந்ததற்கு மேல் ஒரு ரூபாய் போகவில்லை. டில்லியில் இதைப் படிக்கும் அதிகாரிக்குத் தெரிவது சீராக ஓடிய ஒரு பள்ளி.

நடந்தது என்னவென்றால், அந்த 3,00,000 ஆகஸ்ட் சம்பளத்தோடு தீர்ந்தது. செப்டம்பர் கடைசியில் கணக்கில் ஒன்றுமில்லை. 4,20,000 வங்கிக்கு வந்தது 2024 மார்ச் 28, வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் புனித வெள்ளி, வங்கி லீவு. ஞாயிறு 31ஆம் தேதி. ஆக ஒரு வருஷத்து மானியத்தை முறையாகச் செலவு செய்ய எங்களுக்கு இருந்தது ஒரு சனிக்கிழமை. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு மாதச் சம்பளம் எங்கிருந்து போனது? அக்காவின் நகையிலிருந்து. மாதம் ஒரு உருப்படி. ஆறு அடகுச் சீட்டு, ஆறு தேதி, ஒவ்வொன்றும் 60,000, வருஷத்துக்கு 9 சதவீதம். ஒரு சீட்டுக்கு மாதம் 450 ரூபாய் வட்டி. முதல் சீட்டுக்கு ஆறு மாதம், அடுத்ததுக்கு ஐந்து, கடைசிக்கு ஒன்று. கூட்டினால் 21 மாத வட்டி, 9,450 ரூபாய்.

இப்போது திரும்ப அட்டவணைக்குப் போங்கள். பணம் சீக்கிரம் வந்து தங்கியதால் நமக்குக் கிடைத்த வட்டிக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. கிடைத்ததை எழுத ஒன்று, திருப்பிக் கட்டியதை எழுத ஒன்று. பணம் தாமதமாக வந்ததால் நாம் கட்டிய வட்டிக்கு ஒரு கட்டமும் இல்லை. 2,025 ரூபாய்க்கு அரசாங்கத்துக்குக் கண் தெரிகிறது, 9,450க்குத் தெரியவில்லை.

இதை நான் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிவத்தை நிரப்பும் எக்செல் தாள் நான் போட்டுக் கொடுத்தது. மாதவாரியாக எண்களைப் போட்டால் வருஷக் கூட்டலை எடுத்து ஏழு கட்டத்திலும் தானே நிரப்பும். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டல் போட்டதும் வரிசை போய்விடுகிறது, எது முன்னால் எது பின்னால் என்பது காணாமல் போகிறது. லாக் ஃபைலில் நேர முத்திரையை அழித்துவிட்டு எரர் தேடும் ஆளை நாங்கள் ஆபீசில் சும்மா விடமாட்டோம். நானே அதைச் செய்து, பிரிண்ட் எடுத்து, அக்காவிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

நான்காம் கட்டத்தில் தேதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது ஆணை எண்ணுக்குப் பக்கத்தில் வரும் தேதி, ஆணையின் தேதி. பணம் கணக்கில் விழுந்த தேதியைப் படிவம் கேட்பதில்லை. எங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவில் 14 நாள்தான். ஆனால் சம்பளம் போன தேதி என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதற்கும் பணம் வந்த தேதிக்கும் நடுவில்தான் அந்த ஆறு சீட்டும் கிடக்கிறது. கேட்க நினைத்தால் கஷ்டமும் இல்லை. பணம் போவது பி.எஃப்.எம்.எஸ். வழியாக, எந்த நாளில் எந்தக் கணக்கில் வரவு ஆனது என்பது அரசாங்கத்தின் சர்வரிலேயே இருக்கும் தகவல்.

தாமதத்துக்குக் காரணம் யாரோ ஒரு சோம்பேறி அதிகாரி என்று எழுதினால் கட்டுரை சுலபமாக முடியும். நான் பார்த்தவரை அப்படி இல்லை, அது ஒரு வட்டம். அடுத்த தவணை வேண்டுமானால் போன வருஷ யூ.சி. வேண்டும். யூ.சி. வேண்டுமானால் ஆடிட் முடிந்திருக்க வேண்டும். ஆடிட்டர் மேஜைக்கு எங்கள் ஃபைல் வர ஜூன், ஜூலை ஆகிவிடும். அங்கிருந்து மாவட்டம், மாநிலம், டில்லி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி, ஒரு திருத்தம். 2017 விதிகளின் 238ஆம் விதி யூ.சி. கொடுக்க நிதியாண்டு முடிந்து 12 மாதம் அவகாசம் தருகிறது. தாராளம் போலத் தெரியும். ஆனால் 12ஆவது மாதத்தில் கொடுத்தால் அடுத்த வருஷமே முடிந்திருக்கும்! பெறுகிறவருக்குக் கெடு உண்டு. ஒழுங்கான யூ.சி. கைக்கு வந்தபின் இத்தனை நாளில் பணம் அனுப்பவேண்டும் என்று தருகிறவருக்கு இந்தப் படிவத்தில் எந்தக் கெடுவும் இல்லை.

அப்புறம் மார்ச். வருஷக் கடைசி மாதங்களில் செலவை அள்ளிக் கொட்டுவது நிதி ஒழுங்கை மீறுவது என்று அதே விதிகளின் 62ஆம் விதி சொல்கிறது. மத்தியத் துறைகளுக்குக் கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்று நிதி அமைச்சகம் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. டில்லியில் 15 சதவீதத்துக்குள் அடங்கிய அந்த மார்ச், ராசிபுரத்துக்கு வரும்போது எங்கள் பள்ளிக்கு வருஷ மானியத்தில் 100 சதவீதம். இந்த நிதியாண்டே 1867இல் ஆங்கிலேயர் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்தது. அதற்கு முன்னால் மே முதல் ஏப்ரல். எல்.கே. ஜா தலைமையிலான குழு ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1985இல் சொல்லிப் பார்த்தது, அரசு ஏற்கவில்லை. எங்கள் பள்ளிக்கோ வருஷம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வெளிநாட்டு நிதி வாங்கும் டிரஸ்ட்டாக இருந்தால் கூடவே டிசம்பர் 31க்குள் எஃப்.சி.-4 படிவம், 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 50க்குப் பதில் 20 சதவீத வரம்பு, ஜெர்மன்காரருக்கு ஒரு நாட்காட்டி, அக்டோபரில் வருஷம் பிறக்கும் அமெரிக்க அரசுக்கு ஒரு நாட்காட்டி. அக்கா அந்தப் பக்கமே போகவில்லை, நல்லவேளை.

என் ஆடிட்டர் நண்பரிடம் இந்த எட்டாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்ன மறுப்பு நியாயமானது. "மானியம்ங்கிறது கடன் இல்லீங்க. அரசாங்கம் உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி இல்லை. உதவி. உதவி லேட்டானா வட்டி கேப்பாங்களா?"

சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனால் படிவத்தின் உறுதிமொழிகளில் ஒன்றைத் திரும்பப் படியுங்கள். திட்டத்தின் பணி இலக்கும் நிதி இலக்கும் விதிகளில் சொன்னபடி நிறைவேறின என்று அக்கா உறுதி கூற வேண்டும். விளைவுகளைத் தனி இணைப்பாகக் கொடுக்கவும் வேண்டும். செப்டம்பரில் பணம் தீர்ந்ததும் பள்ளியை மூடிவிட்டு, "உதவி வரவில்லை, அதனால் வேலையும் இல்லை" என்று உட்கார்ந்திருந்தால் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த மானியம் இல்லை. வேலை 12 மாதமும் நடந்திருக்க வேண்டும், பணம் எப்போது வேண்டுமானாலும் வரும். உதவி என்று பேசுகிற படிவம், பணிக்கு மட்டும் ஒப்பந்தம் போலக் கணக்குக் கேட்கிறது. பிப்ரவரியில் ஒரு பையன் தானாகச் சட்டைப் பட்டன் போடப் பழகினான். அது விளைவு இணைப்பில் ஒரு எண்ணாகப் போயிருக்கும். அந்த மாதத்து டீச்சர் சம்பளம் ஆறாவது சீட்டு.

தாமதத்துக்குக் கட்டம் போட அரசுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் வைத்திருந்தார்கள்: மஸ்டர் ரோல் முடிந்த 16ஆம் நாளிலிருந்து கூலி தாமதமானால் நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. வருஷக் கணக்கில் 18.25 சதவீதம், அக்காவின் அடகு வட்டிக்கு இரண்டு மடங்கு. முழுசாகக் கொடுத்தார்களா என்பது வேறு கதை, உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் கட்டம் இருந்தது. சேலத்தில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், 2006ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டம் தெரியும். வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்கு மேல் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டுக்கு மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசுத் துறை வாங்கினாலும் அதுதான். அதாவது பதிவு பெற்ற பட்டறைக்காரர் அரசுக்கு நாற்காலி விற்றால் தாமதத்துக்கு வட்டி கேட்கலாம். அந்த நாற்காலியில் குழந்தையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் கேட்க முடியாது.

1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம்கூட இந்த விஷயத்தில் 12-ஏவைவிடப் புத்திசாலியாக இருந்தது. அதன்படி டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவு செய்ய வேண்டியிருந்தது. ஆனால் வருமானம் அந்த வருஷம் கைக்கு வராததால் செலவு குறைந்தது என்றால் படிவம் 9-ஏ கொடுத்துத் தள்ளிப்போட முடிந்தது. பணம் கணக்கில் சேர்வது ஒரு நாள், கைக்கு வருவது இன்னொரு நாள் என்பது அந்தப் படிவத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்க அரசின் மானிய விதிகளில் செலவு செய்துவிட்டுப் பிறகு கேட்கும் முறையில் பில் வந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். முன்பணத்தில் கிடைத்த வட்டியில் வருஷத்துக்கு 500 டாலர் வரை நிறுவனமே நிர்வாகச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் 2,025 ரூபாய் அங்கே யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வட்டியைத் திருப்பிக் கேட்பது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. மானியத்தை டெபாசிட்டில் போட்டு வாழ்ந்த நிறுவனங்கள் இருந்தன, அந்தக் கட்டம் அவர்களுக்கானது. 2021 ஜூலையிலிருந்து மாநிலங்கள் வழியாகப் போகும் மத்தியத் திட்டங்களுக்கு எஸ்.என்.ஏ. என்று ஒற்றை முகமைக் கணக்கு முறை வந்துவிட்டது. கீழே இருக்கும் நிறுவனத்துக்குப் பூஜ்ய இருப்புக் கணக்கு, வரம்புக்குள் எடுத்துக்கொள்ளலாம். அது பரவும் இடத்தில் எல்லாம் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் தானாகவே காலியாகிவிடும். கீழே பணம் தங்கினால்தானே வட்டி. மேலே இருப்பவருக்கு வட்டி இழப்பு என்ற கவலை தீர்ந்தது.

இந்த வருஷம் நான் என் தாளை மாற்றினேன். ஒவ்வொரு வரிக்கும் மூன்று தேதி: ஆணை, வரவு, செலவு. ஏழாம் கட்டத்துக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒன்று, "தாமதத்தால் கட்டிய வட்டி". முதலில் 2023-24க்கே திருப்பிப் போட்டுப் பார்த்தேன், 9,450 என்று வந்து நின்றது. யூ.சி.யோடு தகவலுக்காக ஒரு தனித்தாளாக இணைக்கலாம் என்று நினைத்தேன்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இது டிரஸ்ட் புக்ஸிலேயே இல்லையே. அக்கா கொடுத்தது வட்டியில்லாக் கைமாத்துனுதான் மினிட்ஸ்ல தீர்மானம் இருக்கு. டிரஸ்ட் இப்ப அறங்காவலருக்கு வட்டி தந்தா 13ஆம் பிரிவுல கேள்வி வரும். தரலைன்னா இது டிரஸ்ட் செலவே இல்லை. இல்லாத செலவுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" மறுபடியும் அவர் சொன்னது சரிதான்.

அக்காவிடம் போனேன். திரையில் எட்டாவது கட்டத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தத் தொகையை யாரும் கூட்டிச் சொல்லி அவர் கேட்டதில்லை போல. "ஒம்போதாயிரத்து நானூத்தம்பதா?" என்றார். பிறகு, "அது என்ற நகைக்கு நான் கட்டுன வட்டி, தம்பி. அதெல்லாம் டில்லிக்கு எழுதிக்கிட்டு இருக்காதீங்க. அப்புறம் அதுக்கு ஒரு கேள்வி கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவாங்க, இன்னும் ரெண்டு மாசம் ஆயிரும்."

தனித்தாளை இணைக்கவில்லை. எட்டாவது கட்டத்தை எக்செல்லில் அழிக்கவும் இல்லை, பிரிண்ட் பகுதிக்கு வெளியே தள்ளி வைத்திருக்கிறேன். இந்த வருஷத் தவணை இன்னும் வரவில்லை. கட்டத்தில் இப்போது இரண்டு சீட்டு.